இல்லத் தூய்மையும் இறைபணியும்
(திருக்குட நன்னீராட்டுப் பெருவிழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

மெய்யன்பர்களே!

திருக்கோயிலுக்குக் குட நன்னீராட்டு நிகழ்வதற்கு முன்னே நிகழ்வன பல. கோபுரத்தில் முளைத்த ஆலும் அரசும் வேருடன் களையப்பெறும். திருச்சுற்றுகளில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும் புகைக்கரியும் நீக்கப்பெறும். நந்தவனம் திருத்தப்பெறும், மடைப்பள்ளி துலக்கப்பெறும், நீர் செல்லும் தூம்புகளில் அடைப்பு எடுக்கப்பெறும். இவையெல்லாம் நிறைவேறிய பின்னரே வேள்விச்சாலையில் முதற்காலப் பூசை தொடங்கும். கலசத்து நீர் விமானத்தின்மேல் பொழியும் அந்த ஒரு கணத்தைக் காண ஆயிரமாயிரம் பேர் திரளுகின்றனர். அக்கணத்திற்கு வழி செய்த துடைப்பத்தையும் முறத்தையும் எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஆயினும் அடியார்களின் வரலாறு அத்துடைப்பத்திற்கு உயர்ந்த இடம் தந்திருக்கின்றது.

கெடில நதிக் கரையில் விளங்கும் திருவதிகை வீரட்டானத்தில் திலகவதியார் செய்த பணி யாது? பொழுது புலருமுன் எழுந்து திருக்கோயிலைப் பெருக்குதல், சாணம் கொண்டு தரையை மெழுகுதல், மலர் கொய்து மாலை தொடுத்தல் ஆகிய இவையே. சூலை நோயால் வாடி வந்த தம்பியாருக்குத் திருநீறு அளித்து, அந்த விடியற்காலப் பணிக்குச் செல்லும்போதே அவரையும் உடன் அழைத்துச் சென்றார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. அத்தம்பியாரே 7ஆம் நூற்றாண்டில் தமிழகமெங்கும் நடந்து பதிகம் பாடிய திருநாவுக்கரசர். நாவுக்கு அரசர் என்று பெயர் பெற்றவர் கையில் ஏந்தியதோ புல் செதுக்கும் உழவாரப்படை. பாடிய நாவும் செதுக்கிய கையும் ஒரே தொண்டின் இரு கூறுகளாக அமைந்தன.

திருவாரூரில் தண்டியடிகள் என்னும் நாயனார் வாழ்ந்தார். பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர். திருக்கோயிலின் மேற்பாலுள்ள திருக்குளம் இடம் குறைந்து சுருங்கி வருவதை அறிந்து, அதனைத் தாமே அகழ்ந்து பெருக்கத் துணிந்தார். குளத்தின் உள்ளே ஒரு தறியும் கரைமேல் ஒரு தறியும் நட்டு, இரண்டையும் கயிற்றால் பிணைத்து, அக்கயிற்றைத் தடவிச் சென்று மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்துக் கரைமேல் கொட்டினார். கண்ணுடையவர் பலர் நாள்தோறும் அக்குளக்கரையில் நடந்தனர். குளம் படும் துயரைக் கண்டவரோ கண்ணில்லாதவர். இவ்வரலாறு இன்றைக்கும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றது. நாள்தோறும் இல்லத்தைத் துடைத்து மின்னச் செய்யும் அன்பர், துடைத்த அழுக்கு எங்கே போயிற்று என்று காண்கின்றாரா?

வாசற்படிக்கு உள்ளே இருந்த குப்பை வாசற்படிக்கு வெளியே கிடக்குமாயின், அங்கே நிகழ்ந்தது இடமாற்றமே, தூய்மை அன்று. குளியலறையில் ஊற்றிய திராவகம் சாக்கடைக்கும், சாக்கடை நீர் ஏரிக்கும் குளத்திற்கும், அங்கிருந்து நிலத்தடி நீருக்கும் செல்லுமாயின், அடுத்த வீட்டுக் கிணற்றிலிருந்து அதுவே திரும்பி வரும். ஒருவர் இல்லத்தின் தூய்மை மற்றொருவர் இல்லத்தின் நோயாக முடிதல் அறமாகாது. இந்த ஒன்றே இன்று சிந்தித்தற்குரியது.

முன்னோர் இல்லங்களில் வழங்கிய துப்புரவுப் பொருள்களை நோக்குக. பாத்திரம் துலக்கச் சாம்பல், தேங்காய் நார், பீர்க்கங்கூடு, பித்தளைக்கும் செம்புக்கும் புளி, தலை முழுகச் சீயக்காய், பட்டுக்குப் பூந்திக்கொட்டை, சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்குச் சாணம், வாசலுக்குப் பச்சரிசி மாக்கோலம். இவற்றுள் ஒன்றேனும் பயன்பட்ட பின்னர் மண்ணுக்குப் பகையாக நின்றதில்லை. நார் மக்கும், சாம்பலும் புளிச்சக்கையும் வாழைப்பாத்திக்குச் சேரும், கோலமாவு எறும்புக்கு உணவாகும்.

இவை வெறும் பழக்கத்தால் நிலைத்தவை அல்ல. இவற்றின் செயலுக்குக் காரணம் உண்டு. விறகுச் சாம்பலில் காரத்தன்மையுள்ள உப்பு இருக்கின்றது. அது நீருடன் சேர்ந்து எண்ணெய்ப் பிசுக்கின்மேல் படும்போது அப்பிசுக்கின் ஒரு பகுதியையே சவர்க்காரமாக மாற்றிக் கழுவி விடுகின்றது. புளியிலுள்ள அமிலம் செம்பின் மேற்படிந்த கறையைக் கரைக்கின்றது. பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் நுரை தரும் சத்து இயற்கையாகவே அமைந்துள்ளது. நீற்றிய சுண்ணாம்பின் கடுங்காரம் கிருமிகளை அழிப்பதுடன், காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சுவர்மேல் கல்லாக இறுகுகின்றது. காஞ்சி நகரில் அடியார்களின் ஆடையை வெளுத்துக் கொடுப்பதையே சிவத்தொண்டாகக் கொண்ட திருக்குறிப்புத் தொண்ட நாயனாரின் மரபில் வந்தோர், உவர்மண்ணும் வெள்ளாவியும் கொண்டே துணி வெளுத்தனர். அவ்வுவர்மண்ணில் உள்ள காரமும் இன்று கடையில் விற்கும் சலவைச் சோடாவும் ஓரினப் பொருள்களே.

பழையன எல்லாம் நல்லன என்று கொள்வதும் தகாது. சாணம் மண்தரையை இறுக்கிப் புழுதி அடக்கும். சிமிட்டித் தரைக்கும் கல் பாவிய தரைக்கும் அதனால் பயனில்லை. சாணத்தில் இசிவு நோயின் வித்துகள் தங்கியிருத்தல் கூடும் ஆதலால், அதனைப் புண்ணிலோ பச்சிளங் குழந்தையின் தொப்புளிலோ இடுதல் உயிருக்கே கேடாகும். புளியும் எலுமிச்சையும் பித்தளைக்கு நல்லன. சலவைக்கல் தரையிலோ அவை மெருகை அரித்துவிடும். வீட்டில் தொற்றுநோய் கண்டவிடத்து எலுமிச்சம்பழச் சாறு மட்டும் போதுமென்று இருத்தல் அறியாமை. அப்போது அழுக்கை முதலில் சவர்க்கார நீரால் கழுவி, அதன்பின் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரை அளவறிந்து இடல் வேண்டும். அழுக்கின்மேலேயே அதனைக் கொட்டினால் அதன் ஆற்றல் கிருமியைச் சேருமுன் அழுக்கிலேயே செலவாகிவிடும். பொருள் பழையதா புதியதா என்பது வினாவன்று. எதற்கு, எவ்வளவு, முடிவில் எங்கே போகின்றது என்பனவே வினாக்கள்.

இவ்வினாக்களை எழுப்பாது வாங்கிக் குவிக்கும் வழக்கம் இன்று இல்லங்களில் பெருகியுள்ளது. தரைக்கு ஒரு புட்டி, கண்ணாடிக்கு ஒரு புட்டி, கழிப்பறைக்கு ஒரு புட்டி, மணத்திற்கு ஒரு புட்டி என அலமாரி நிறைகின்றது. மணம் என்பது தூய்மைக்கு அடையாளமாகாது; நாற்றத்தை மறைக்கும் திரையாகவும் அது இருத்தல் கூடும். சலவைத் தூள்களில் பாஸ்பேட்டு என்னும் உப்பு கலந்திருப்பின், அது குளத்து நீரில் பாசிக்கு எருவாகின்றது. பாசி பெருகி, பின் மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறைகின்றது. மீன்கள் மூச்சின்றி மிதக்கின்றன. கழிவுநீர் சேரும் ஏரிகளில் ஆகாயத்தாமரை போர்வை போல் பரவுவதும் அந்நீரில் எருச்சத்து மிகுந்ததன் விளைவே. திருக்குளத்தின் பச்சை நிறம் கண்டு வருந்தும் அன்பர், அதன் ஒரு துளி தம் வீட்டு வாளியிலிருந்து சென்றிருத்தல் கூடும் என்று நினைத்தல் நலம்.

கேடு குளத்தளவில் நிற்பதில்லை. பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை துலக்கும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். காற்றோட்டமற்ற சிறு குளியலறையில் அது மூச்சையே நிறுத்த வல்லது. இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்புத் தூய்மை கிட்டும் என்ற எண்ணம் எத்துணைப் பேதைமை! எப்பொருளையும் எப்பொருளோடும் கலவாதிருத்தல் இல்லத்தார் அனைவரும், சிறப்பாக வீட்டுப் பணிக்கு வருவோரும், அறிந்திருக்க வேண்டிய முதல் விதி. கிருமி கொல்லும் மருந்தை மட்டுமீறிச் செப்டிக் டாங்கில் செலுத்தினால், அங்கே கழிவைச் சிதைத்து உதவும் நல்ல நுண்ணுயிர்களும் மடிகின்றன. தொட்டி விரைவில் நிரம்புகின்றது.

தொட்டி நிரம்பினால், சாக்கடை அடைத்துக்கொண்டால், அதனுள் இறங்குபவர் யார்? அன்பர்கள் நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. மனிதர் கையால் மலம் அள்ளும் கொடுமையை ஒழிக்க 1993ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், அதனினும் விரிவாக 2013ஆம் ஆண்டில் மற்றொரு சட்டமும் இந்நாட்டில் இயற்றப்பெற்றன. பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடைக் குழியில் இறக்குதல் பின்னைய சட்டப்படி குற்றம். ஆயினும் அக்குழிகளில் நச்சு வாயு தாக்கி உயிர் இழந்தோர் செய்தி இன்னமும் நாளிதழ்களில் வருகின்றது. சமையலறைத் தொட்டியில் ஊற்றிய எண்ணெய் குழாயில் கொழுப்பாக உறைந்தது, கழிப்பறையில் எறிந்த துணியும் பிளாஸ்டிக்கும் அதனோடு சேர்ந்து முடிச்சாயின, அடைப்பு நேர்ந்தது. எறிந்த கை ஒன்று. எடுக்க இறங்கியவர் உயிர் வேறொன்று. உழவாரம் ஏந்திய அப்பரை வணங்குவோர், இன்று அப்பணியைத் தெருவில் செய்பவரை இழிவாக நோக்குவரேல், அவர் வணக்கம் கல்லளவில் நின்றது என்றே கொள்ளல் வேண்டும்.

பழைய பொருளை நீக்கி இல்லத்தைப் புதுக்கும் போகித் திருநாளையும் இங்கே எண்ணுதல் தகும். பிய்ந்த பாயும் ஓட்டைக் கூடையும் எரித்தது ஒரு காலம். ரப்பர் வளையமும் பிளாஸ்டிக்குப் பையும் எரிப்பது இக்காலக் கேடு. 2018ஆம் ஆண்டுப் போகியன்று சென்னையில் மூடுபனியுடன் அப்புகையும் கலந்து கவிந்ததால் விமானப் போக்குவரத்தே தடைப்பட்டது. வீட்டுக்குள் தூய்மை, வீதியில் நஞ்சு! மகவுக்குப் புத்தாடை உடுத்தி, அம்மகவின் மூச்சில் கரியை நிரப்புதல் திருநாள் ஆகுமா?

வழிபாட்டின் பெயராலும் இத்தகைய பிழைகள் நேர்கின்றன. தாமிரபரணி பாய்ந்து இறங்கும் பாபநாசத்தில் நீராடுவோர், பரிகாரம் என்று கருதி உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுச் செல்கின்றனர். பாவம் நீங்கிற்றோ இல்லையோ, ஆற்றின் பாரம் ஏறிற்று. அருச்சனைத் தட்டிலிருந்து நெய் உறையும் கற்பூர உறையும் திருச்சுற்றில் சிதறுகின்றன. ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குப் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழக அரசு 2019ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் முதல் தடை விதித்தது. அரசாணைக்கு அஞ்சி விடுவதினும் ஆண்டவன் சந்நிதி என்று எண்ணி விடுதல் அன்பர்க்கு அழகு. பழமையான கற்சுவர்களை விரைவில் வெண்மையாக்க விரும்பி மணலை விசையுடன் பீய்ச்சினால், கறையோடு கல்வெட்டு எழுத்தும் தேய்ந்து மறையும். ஆயிரம் ஆண்டு நின்ற சான்று ஒரு பகலில் அழிவது துப்புரவாகாது. பொறுமையில்லாத தூய்மை, துலக்கப்படும் பொருளையே தின்றுவிடும்.

இனி, இல்லத்தார் கைக்கொள்ளத்தக்க நெறிகள் சிலவற்றைக் காண்போர்க்கு அவை எளியனவே என்பது விளங்கும்.

முதலாவது, நீருக்கு முன் துடைப்பம். உலர்ந்த புழுதியைப் பெருக்கி முறத்தில் ஏந்திய பின் துடைத்தால் ஒரு வாளி நீரே போதும். புழுதியின்மேல் நீரைக் கொட்டினால் சேறே மிஞ்சும்.

இரண்டாவது, எண்ணெய்ப் பாத்திரத்தை நீரில் இடுமுன் பழைய தாளாலோ சாம்பலாலோ துடைத்தெடுத்தல். மிஞ்சிய விளக்கெண்ணெயும் பலகாரம் பொரித்த எண்ணெயும் சாக்கடைக்கு உரியன அல்ல.

மூன்றாவது, கறையோடு போர் புரியாது அதனை ஊறவைத்தல். இரவே புளி தடவியும் நீர் நிறைத்தும் வைத்த பாத்திரம் காலையில் தானே இளகிக் கொடுக்கும். காலம் செய்யும் பணியைத் திராவகத்தைக் கொண்டு செய்விக்க வேண்டுவதில்லை.

நான்காவது, பூந்திக்கொட்டை நீர். பத்துப் பதினைந்து கொட்டைகளை விதை நீக்கி இரவில் ஊறவைத்து, காலையில் கொதிக்கவிட்டு வடிகட்டினால், மெல்லிய ஆடைக்கும் வெள்ளி நகைக்கும் தரைக்கும் அது பயன்படும். கண்ணில் படாது காத்தலும், கெடுமுன் இரண்டு மூன்று நாளில் செலவிடலும் வேண்டும்.

ஐந்தாவது, கடையில் வாங்கும் தூளையும் திரவத்தையும் அளந்து இடுதல். நுரை மிகுந்தால் வெண்மை மிகும் என்பது மயக்கம். மிகை நுரையை அலசவே இரண்டு வாளி நீர் வீணாகும்.

ஆறாவது, குப்பையைப் பிறந்த இடத்திலேயே பிரித்தல். மக்குவன, மக்காதன, கேடு தருவன என மூவகையாகப் பிரித்தளிக்கும்படி 2016ஆம் ஆண்டு வகுக்கப்பெற்ற திடக்கழிவு விதிகள் இல்லந்தோறும் பணித்தன. காய்கறித் தோலும் பூசைமலரும் ஒரு மண்தொட்டியில் சேர்ந்தால் சில திங்களில் உரமாகித் துளசி மாடத்திற்கே திரும்பும். உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றித் தனியே வைத்தல், அதனைக் கையால் எடுப்பவர் மேல் வைத்த அருள்.

ஏழாவது, இப்பணி முழுவதையும் இல்லத்துப் பெண்டிர் தலைமேலோ கூலிக்கு வருவோர் தலைமேலோ சுமத்தாதிருத்தல். திருநாவுக்கரசருக்குத் தகுதியான பணி எந்த ஆடவர்க்கும் இழிவாகாது. உண்ட தட்டைத் தானே கழுவும் சிறுவன் ஊரைக் கெடுக்காத குடிமகனாய் வளர்வான்.

திருப்பணிக்குப் பொருள் வழங்கிய புரவலர்க்கு ஈண்டு ஒரு விண்ணப்பம் உண்டு. கோபுரத்திற்கும் கலசத்திற்கும் பொன் வழங்குதல் பெருங்கொடை, ஐயமில்லை. முற்காலக் கல்வெட்டுகளை ஆராய்ந்தோர் அவற்றில் திருமெழுக்குப்புறம் என்றொரு சொல் வழங்குவதைக் காட்டியுள்ளனர். கோயில் தரையை மெழுகித் தூய்மை செய்யும் பணிக்கென்றே விடப்பட்ட இறையிலி நிலத்திற்கு அப்பெயர். விளக்குக்கும் நந்தவனத்துக்கும் அறம் வைத்தவாறே துடைப்பத்துக்கும் அறம் வைத்தனர் முன்னோர். பெருக்குபவர் பசியோடு பெருக்கலாகாது என்று அவர்கள் கருதினர். இன்றும் அவ்வறத்தைத் தொடரலாகும். துப்புரவுப் பணியாளர்க்குத் தக்க ஊதியமும் கையுறையும் காலணியும், நிருமாலியம் மக்குதற்கு ஓர் உரக்குழி, கழிவுநீர் திருக்குளத்தை அடையாதபடி தடுக்கும் ஒரு கால்வாய் ஆகியவற்றுக்கு வழங்கும் பொருள் கலசத்தில் இட்ட பொன்னுக்குக் குறைந்ததன்று. இவற்றின்மேல் கொடையாளர் பெயரைப் பொறிக்க இடமிராது. ஆயினும் நாள்தோறும் அவர் அறம் நடந்துகொண்டே இருக்கும்.

புறத்தூய்மை நீரால் அமையும், அகத்தூய்மை வாய்மையால் காணப்படும் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் அருளினார். அந்நீரே அழுக்காகுமானால் புறத்தூய்மைக்கு இடம் எங்கே? தன் வீட்டு அழுக்கு எங்கே போகின்றது என்பதைத் தனக்கே மறைத்துக்கொண்டு வாழ்பவனிடம் வாய்மை எங்கே? எனவே, குளத்து நீரைக் காப்பதும் நெஞ்சின் மெய்மையைக் காப்பதும் இறுதியில் ஒரே நோன்பாக முடிகின்றன.

மெய்யன்பர்களே! குட நன்னீராட்டு நிறைவுற்ற பின் 48 நாட்கள் மண்டலாபிஷேகம் நிகழும். அந்நாட்களில் மூலவர்க்கு நாள்தோறும் சிறப்புத் திருமஞ்சனம் நடைபெறும். அதே 48 நாட்களை இல்லத்திலும் ஒரு விரதமாகக் கொள்க. ஆசிட்டுப் புட்டி ஒன்று குறையட்டும். உரத்தொட்டி ஒன்று தோன்றட்டும். வாசலில் பெருக்கிய குப்பை அடுத்த வாசலுக்குச் செல்லாதிருக்கட்டும். தெருக் கூட்டுவாரை வணக்கத்துடன் விளித்து, வெயிலில் நிற்பவர்க்கு ஒரு செம்பு நீர் அளிக்கட்டும் இல்லத்தார் கை. 48 நாள் பழகியது பின்னர் விரதம் என்ற பெயர் இல்லாமலே நிலைத்துவிடும்.

கருவறையில் எழுந்தருளியுள்ள பெருமானே குளத்து நீரிலும், வீதிக் காற்றிலும், குப்பை எடுப்பார் நெஞ்சிலும் எழுந்தருளியுள்ளான். அவன் உறையும் இடத்தில் எந்த இடத்தையும் அழுக்காக்காத தூய்மையே அவனுக்கு உவந்த தூய்மை. இல்லந்தோறும் அத்தூய்மை ஓங்குக. திருக்குளங்கள் தெளிந்து நிறைக. நாடும் வீடும் நலம் பெறுக.

திருச்சிற்றம்பலம்.